வீட்டு சிஎன்சியும் மிச்சமான ஒரு பின்னும்

நம் கம்பெனி அச்சு வெட்டும் பிரிவுப் பிள்ளைகள் சிலர் சொல்லிவைத்தாற்போல் எனக்கு ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள். "செல்விக்கா, வூட்டுலயே ஒரு சின்ன சிஎன்சி வாங்கிப் போடலாம்னு இருக்கோம். மொத்தம் எவ்ளோ ஆவும்?" யூடியூபில் எவனோ ஒருவன் அலுமினியத்தை அல்வா மாதிரி வெட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். நானும் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். அதனால் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. செலவை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று வீட்டில் யாராவது இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு விளக்கம். சிஎன்சி என்பது கணினியில் நாம் வரைந்ததைப் பார்த்துத் தானாகவே மரத்தையும் உலோகத்தையும் செதுக்கும் இயந்திரம். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் ஃபியூஸ் கட்டைகளுக்கான இரும்பு அச்சுகளை அதில்தான் வெட்டினேன். ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான் என் வேலை. கம்பெனியில் இருப்பது யானை. வீட்டுக்கு வருவது ஆட்டுக்குட்டி. ஆனால் ஆட்டுக்குட்டிக்கும் தீனி வேண்டும்.

மெஷின் விலை ஒரு பழைய பைக்கின் விலைதான். அதைச் சொல்லித்தான் என் வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்கினேன். மற்றதைச் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. செதுக்கும் முனைக்குக் கட்டர் என்று பெயர், நல்லது ஒன்று ஒரு கிலோ ஆட்டுக்கறி விலை. முதல் மாதம் நான் உடைத்த கட்டர்களுக்குத் தெருவுக்கே பிரியாணி போட்டிருக்கலாம். பிறகு கரண்ட். நம் ஊரில் கோடையில் பக்கத்து வீட்டு ஏசி ஓடினாலே நம் விளக்கு மங்கும். பாதி வெட்டும்போது மின்சாரம் போனால் மெஷின் தான் எங்கே இருந்தோம் என்பதையே மறந்துவிடும். அதற்கு ஒரு யுபிஎஸ். தூசியை இழுக்க ஒரு வாக்கம் கிளீனர். பித்தளைத் தகடு, நைலான் கட்டை, அளக்க ஒரு நல்ல வெர்னியர். கூட்டிப் பார்த்தால் மெஷினுக்குக் கொடுத்ததைப் போல இன்னொரு மடங்கு எங்கே போனதென்றே தெரியாமல் போயிருக்கும்.

அப்புறம் இடம். சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டை வைக்கும் அறையில் வைத்தேன். அரிசி மூட்டை கூடத்துக்கு வந்தது. மெஷின் கத்தும் கத்தலில் என் வீட்டுக்காரர் மதியத் தூக்கத்தை விட்டார். "முப்பது வருஷம் பஸ் இன்ஜின் பக்கத்துலயே தூங்கினவன் நானு. என்னையே எழுப்பிட்டியே" என்றார். அவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர்.

இதெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் கட்டக்கூடிய செலவு. நான் சொல்ல வந்தது வேறு செலவு. அதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் சோதனை மேஜையில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். தன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால் சண்டைக்கு வருவாள்.

நம் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், என்னைவிட வயதில் சின்னவள். நாங்கள் வெட்டும் ஒவ்வொரு அச்சும் அவள் மேஜைக்குப் போக வேண்டும். அவள் அளந்து, கேஜ் போட்டுப் பார்த்து, சரியென்றால்தான் களிமண்ணை அச்சில் அழுத்தும் பிரிவுக்குப் போகும். ஒருமுறை அவசர ஆர்டர். லாரி வாசலில் நிற்கிறது. முதலாளி என் பக்கத்திலேயே நிற்கிறார். அச்சைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. "நேரா அழுத்தறதுக்கு அனுப்பிடு, செல்வி கை வேலைதானே" என்றார் முதலாளி. எனக்கு உச்சி குளிர்ந்தது. அவள் எழுந்து வந்து அச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"செஞ்சவங்க கண்ணுக்கு அது நல்லாத்தாங்க தெரியும். என் மேஜைக்கு வந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

முதலாளி முறைத்தார். அவள் கவலைப்படவே இல்லை. நிதானமாக அளந்தாள். அச்சு சரியாகத்தான் இருந்தது. அதில்தான் எனக்கு இன்னும் கோபம். சரியாக இருந்ததைச் சந்தேகப்பட்டுவிட்டாளே என்று பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓய்வு பெற்ற அன்று, இனிமேல் என் வேலையை இவளிடம் காட்ட வேண்டியதில்லை என்று உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

வீட்டில் மெஷின் வந்த பிறகு நான்தான் முதலாளி, நான்தான் அச்சுப் பிரிவு. வாசலுக்குப் பெயர்ப் பலகை செய்தேன். பூஜை அறைக்கு மரத்தில் மயில் செதுக்கினேன். எதிர் வீட்டு ஸ்டெல்லா கிறிஸ்துமஸ் வருகிறதென்று முறுக்குக் குழலுக்குப் பித்தளையில் ஒரு நட்சத்திர வில்லை கேட்டாள். செய்து கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தாள்.

"அக்கா, அழகா இருக்குது. ஆனா குழலுக்குள்ள எறங்க மாட்டேங்குது. கொஞ்சம் பெருசா இருக்குமோ?"

"உன் குழலு நசுங்கியிருக்கும். பெருசா வெட்டறதுக்கு நான் என்ன புதுசா?" என்றேன். பாவம், வில்லையை எடுத்துக்கொண்டு போனாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பழைய வில்லையிலேயே பிழிந்து எங்களுக்கும் ஒரு தூக்கு நிறைய கொடுத்தனுப்பினாள். நான் சாப்பிடவும் செய்தேன்.

இப்போது என் வீட்டுக்காரரின் வண்டிக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை முற்றி அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பஸ் படியில் ஏறுவது கஷ்டம். வாழ்நாள் முழுக்கப் பஸ் படியில் நின்றவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரின் பின்பக்கம் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்துக் கொடுத்ததும்தான் மனிதர் மறுபடி சிரித்தார். மாதம் ஒருமுறை திட்டக்குடிக்குப் போவார். அவரோடு ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் அங்கே படுத்த படுக்கையாக இருக்கிறார். போனால் இருவரும் பழைய வழித்தடத்தின் ஒவ்வொரு நிறுத்தத்தையும் பேசித் தீர்த்துவிட்டு வருவார்கள். அந்த வண்டி இல்லையென்றால் அவருக்கு வீடும் வாசலும்தான்.

அந்தப் பக்கச் சக்கரங்களின் வெளிப்பக்கம், சக்கரத்துக்கும் நட்டுக்கும் நடுவே, ஒரு வளையம் இருக்கும். காலர் என்போம். அது தேய்ந்து சக்கரம் ஆட ஆரம்பித்தது. கடையில் அந்த அளவு கிடைக்கவில்லை. "வூட்ல மிஷின வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறீங்களே" என்று பெருமையாகச் சொல்லி நானே அலுமினியத்தில் இரண்டு காலர் வெட்டினேன். பளபளவென்று வந்தன. இடது சக்கரம்தான் ரொம்ப ஆடியது. அதனால் ஒன்றை எடுத்துக்கொண்டு காலையில் தெருமுனை மெக்கானிக் பாபுவிடம் போனார். மாட்டிக்கொண்டு திரும்பியவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் போட்டார்.

"பாபு சூப்பரா மாட்டிட்டான். காலர் வழுக்கிக்கிட்டுப் போயி உக்காந்துதாம். இந்தப் பின்னு மட்டும் மிச்சமாயிட்டுது, உன் டப்பால போட்டு வெய்யி. நான் திட்டக்குடி போயிட்டு வரேன்."

நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே தலையாட்டினேன். வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டியது. கை துடைத்துக்கொண்டு வந்து அந்தப் பின்னை எடுத்தேன். ஸ்பிளிட் பின். நட்டுக்கு வெளியே சக்கரத் தண்டில் ஒரு துளை இருக்கும், அதில் செருகி வளைத்துவிட்டால் நட்டு எவ்வளவு சுழன்றாலும் கழன்று விழாது. அதற்கென்றே இருக்கும் பின் எப்படி மிச்சமாகும்?

அப்போதும் எனக்குப் பாபு மேல்தான் சந்தேகம். மெத்தனம் பிடித்த பையன் என்று முணுமுணுத்துக்கொண்டே போய், மேஜையில் இருந்த இரண்டாவது காலரில் வெர்னியரை வைத்தேன். இருபத்தைந்து மில்லிமீட்டர் நீளம் என்று வரைந்திருந்தேன். வெர்னியர் இருபத்தெட்டு காட்டியது.

அந்த எண்ணை எனக்கு அடையாளம் தெரியும். உங்களுக்கும் தெரியும். நம் களிமண் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது சுருங்கும். அதனால் நூறு வேண்டுமென்றால் அச்சை நூற்றுப் பன்னிரண்டாக வெட்டுவோம். படம் வரைந்து முடித்ததும் அந்தப் பெருக்கலைப் போடுவது, சாப்பிட்டதும் கை கழுவுவது மாதிரி எனக்கு. யோசித்துச் செய்வதே இல்லை. சூளைக்கே போகாத அலுமினியத்துக்கும் சுருக்கம் சேர்த்து வெட்டியிருக்கிறேன். ஸ்டெல்லாவின் முறுக்கு வில்லைக்கும் அதேதான். பெயர்ப் பலகையும் மயிலும் எதிலும் பொருந்த வேண்டாதவை. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

காலர் நீளமாகிவிட்டது. அதனால் நட்டு முழுக்க உள்ளே போகவில்லை. பின் போடும் துளை நட்டுக்குள்ளேயே மறைந்துவிட்டது. நட்டு இரண்டு மூன்று மறைச் சுற்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அதுவும் இடது சக்கரம். இடது சக்கரம் முன்னால் உருளும்போது நட்டைக் கழற்றும் பக்கமாகத்தான் இழுக்கும். திட்டக்குடிச் சாலையில் சிமென்ட் லாரியும் கரும்பு டிராக்டரும் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போனை எடுத்தேன். அவர் பெயரில் விரலை வைக்கப் போனேன். வைக்கவில்லை.

பிள்ளைகளே, அந்தப் பகல் முழுவதிலும் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அவருக்குப் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பார். வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்று நானும் எங்கள் மகளும் தலைகீழாக நின்றும் அவர் கேட்டதில்லை. ஒரு கையை விட்டு, சட்டைப் பையைத் துழாவி, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, லாரிக்கு வழிவிட இடப்பக்கம் ஒதுங்குவார். ஆடிக்கொண்டிருக்கும் சக்கரம் மண்ணில் இறங்கினால் அத்தோடு முடிந்தது. எச்சரிக்க நினைத்து நானே தள்ளிவிட்ட மாதிரி ஆகும். கையில் ஒரு வழி இருக்கிறது என்பதற்காகவே அதைச் செய்துவிடக் கூடாது. பதற்றத்தில் விரல்தான் முந்தும். அதை ஒரு நொடி பிடித்து வைக்க வேண்டும்.

அவர் எங்கே தானாக நிற்பார் என்று யோசித்தேன். வழியில் பெண்ணாடத்தில் பரிமளாவின் டீக்கடை. பஸ்ஸில் ஓடிய காலத்திலிருந்து அங்கே நிற்காமல் அவர் தாண்டியதில்லை. ஒருமுறை கண்ணாடியை அங்கே மறந்துவிட்டு வந்தபோது பரிமளாதான் என்னைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த எண் இருந்தது. அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

"ஆரு, செல்விக்காவா? சொல்லுங்க."

"பரிமளா, அவரு வந்துட்டாரா?"

"இன்னும் வரலீங்களே. ஏன், என்னாச்சு?"

"வந்தா வண்டியிலேர்ந்து எறக்கிடு. திரும்ப ஏற வுடாத. இடது சக்கரம் கழலப் போவுது. சாவியப் புடுங்கி வெச்சுக்க. ரோட்டுலயே போயி நில்லும்மா, கடைய அப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்க பயப்படாதீங்க. நான் போயி நிக்கறேன்" என்றாள். அடுப்பை அணைக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

நான் பாபு கடைக்கு ஓடினேன். தேய்ந்த பழைய காலர் அவன் குப்பைத் தகரத்தில் கிடந்தது. அதையும் பின்னையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன்.

"பின்னு ஓட்டையே தெரியலீங்கக்கா" என்றான் அழாக்குறையாக. "நட்டுக்குள்ள மறைஞ்சு போச்சு. நீங்க செஞ்சதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். கடைசி வாக்கியம் என் வாயை அடைத்துவிட்டது. முதலாளி சொன்ன அதே வார்த்தைதான். அங்கே எழுந்து வந்து அச்சைப் பிடுங்க ஒருத்தி இருந்தாள். என் அரிசி அறையில் அவள் இல்லை.

வழியெல்லாம் சாலையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் ஏதாவது கிடக்கிறதா என்று கண் தேடியது. பாதி வழியில் போன் அடித்தது. அவர் எண். எடுக்கப் பயமாக இருந்தது. யாராவது வேறு ஆள் பேசிவிடுவார்களோ என்று பயம்.

"ஏ செல்வி" என்றார். அவர் குரல்தான். "இந்தப் பரிமளா நடுரோட்டுல நின்னு கைய விரிக்குது. நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன். இப்ப நட்டத் தொட்டுப் பாத்தேன்."

"என்னங்க?"

"கையாலயே சுத்துது."

நான் பைக்கில் உட்கார்ந்தபடியே அழுதேன். பாபு வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டான். போப்பா, போ என்றேன்.

பெண்ணாடத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்னொரு டீ சொன்னார். பாபு பழைய காலரை மாட்டினான். நட்டு உள்ளே போனது, துளை தெரிந்தது, பின் அதன் இடத்தில் உட்கார்ந்தது. சக்கரம் கொஞ்சம் ஆடியது, ஆனால் கழலாது. அவர் என் தப்பை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"சுருக்கம் சேத்து வெட்டிட்டேங்க. பழக்க தோஷம். இந்த மிஷின வித்துடறேன்."

"டீ ஆறிப் போவுது, குடி" என்றார். திட்டக்குடிப் பயணம் அடுத்த வாரத்துக்குப் போனது. மெதுவாக வீடு திரும்பினோம், அவர் முன்னால், நாங்கள் பின்னால்.

மறுநாள் காலை மெஷினை விற்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அரிசி அறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் நான் குடுத்த டிக்கெட்ட செக்கிங் ஏறி வந்து பாத்தான். நான் திருடன்னா பாத்தான்? கூட்டத்துல கை தவறும்னு பாத்தான். மொதல்ல எனக்கும் கோவம் வரும். அப்புறம் பழகிப்போச்சு. செக்கிங் ஏறினா எனக்கு நிம்மதியாக்கூட இருக்கும். உன் மிஷினுக்கு ஏன் செக்கிங் வெக்கல?"

"வூட்ல யாரை வெக்கறது?"

"நான் ஒருத்தன் தூக்கமும் இல்லாம சும்மாதான குந்தியிருக்கேன்" என்றார்.

வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு அதிக நாள் ஆகவில்லை. சில்லறை எண்ணிய கை. ஆனால் ஒரு விதி வைத்தார். நான் என்ன அளவு என்று முதலில் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதன் பிறகுதான் மெஷினைப் போட வேண்டும். வெட்டியதை நான் அளக்கவே கூடாது. வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். அவர் கூப்பிடும் வரை நான் அரிசி அறையில் நிற்பேன். அந்த நேரத்தில் எனக்கு மங்களூர்க்காரியின் மேஜை முன்னால் நின்ற அதே எரிச்சல் வரும். இப்போதும் வருகிறது. வரட்டும்.

புதிதாக வெட்டிய முதல் காலரை அவர் திருப்பித் தந்துவிட்டார். துளை ஒரு மயிரிழை பெரிது. "ஓடும்ங்க அது" என்றேன். "டிக்கெட் இல்லாத ஆளும்தான் பஸ்ஸுல ஓடுவான்" என்றார். கோபத்தோடு போய் மறுபடி வெட்டினேன். ஸ்டெல்லாவுக்கு நட்சத்திர வில்லையும் புதிதாக வெட்டினேன். அவர் அதைக் குழலிலேயே இறக்கிப் பார்த்து, எதிர் வீட்டுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். உன் குழல் நசுங்கவில்லை என்று சொல்ல நானும் கூடப் போனேன். "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள் ஸ்டெல்லா. தெரிந்தும் அவள் என்னிடம் அழுத்திச் சொல்லவில்லை. நான் சொல்லவிடவில்லை.

அதனால் எவ்வளவு ஆகும் என்று கேட்ட பிள்ளைகளுக்கு: மெஷின், கட்டர், யுபிஎஸ் கணக்கை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கம்பெனியில் நீங்கள் வெட்டியதைத் தட்டிப் பார்க்கச் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். அந்த ஆளை நீங்கள் திட்டுகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். வீட்டு மெஷினோடு அந்த ஆள் பெட்டியில் வருவதில்லை. உங்கள் வேலையைச் சந்தேகப்படுகிற அளவுக்கு உங்கள் மேல் அக்கறை உள்ள ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். அவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது உங்கள் ரோஷம். அதுதான் இருப்பதிலேயே பெரிய செலவு.

அடுத்த வாரம் இரண்டு சக்கரத்துக்கும் புதுக் காலர் போட்டோம். பின்னை அவரே செருகி, அவரே வளைத்தார். நான் வாசலில் நின்றேன். போவாதீங்க என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அவர் குனிந்து இடது நட்டைக் கையால் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ்ஸில் சொன்ன அதே குரலில், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "போலாம், ரைட்!" என்றார். திட்டக்குடிக்குப் போனார்.